ஒரு விரல் இடைவெளி

நான் கோபக்காரன். நாற்காலி செய்வது என் தொழில். அடுத்தவர் மேல் பழி போடுவது உபதொழில் என்று என் மனைவி சொல்வாள். பழி போட ஆள் தேடி அலையவும் வேண்டியதில்லை. பட்டறையில் எனக்கு எதிரே நின்று வேலை செய்பவன் அவளுடைய தம்பிதான்.

அன்று மதியம் அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருடமாக ஊருக்கெல்லாம் நாற்காலி செய்து கொடுத்தவன் வீட்டில் கிடப்பதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. இது அவளுக்கென்றே செய்தது. உட்காரும் பலகையை இரண்டு தொடைக்கும் இரண்டு பள்ளமாகக் குடைந்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே அழிந்துவிட்டது. சாய்மானத்துக்கு ஏழு குச்சிகள். ஒவ்வொன்றும் மெல்லிய மரப்பட்டைகளைப் பசை போட்டு ஒட்டி, இறுக்கி வளைத்தது. இடுப்பில் கொஞ்சம் முன்னால் வந்து, தோளில் பின்னால் விரியும். உலகத்தில் ஒரே ஒரு முதுகுக்குத்தான் அது பொருந்தும்.

மற்றவர்கள் வேலைக்கு நடுவில் செய்ததால் எட்டு மாதம் இழுத்துவிட்டது.

"உக்காரும்மா மகாராணி," என்றேன்.

உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது பக்கக் குச்சிகள் முதுகோடு ஒட்டியிருந்தன. வலது தோளுக்கும் குச்சிக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரல் தாராளமாகப் போய் வந்தது.

"நேரா உக்காரு."

"நேராத்தாங்க உக்காந்திருக்கேன்."

வேறென்ன, மரம் நகர்ந்துவிட்டது. சரியாகக் காயாத மரம் நாம் வளைத்த இடத்தில் நிற்காது, தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பட்டைகளைக் காயவைத்தது யார்? மச்சினன்.

"மாப்ள! எட்டு மாச வேலை. என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியேடா!"

"மூணு வாரம் காய வச்சேன் மாமா."

"காய வச்ச லட்சணம் உங்கக்கா தோள்ல தெரியுது, வந்து பாரு!"

அவன் வந்து பார்த்தான். சுவரில் ஆணியில் தொங்கிய அச்சுகளை எடுத்து வந்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் முதுகில், வளைத்தபடியே நிற்கும் ஈயப்பட்டையை அழுத்தி, அந்த வளைவைப் பிளைவுட்டில் வரைந்து நானே அறுத்தவை அவை. இடது தோளுக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று, நடுமுதுகுக்கு ஒன்று.

அவளை எழுந்திருக்கச் சொல்லி, வலது தோள் அச்சைக் குச்சியோடு வைத்துப் பிடித்தான். வெளிச்சம்கூட நுழையவில்லை. மற்ற இரண்டும் அப்படியே. வைத்த இடத்தில் வைத்தபடி பொருந்தின.

"மரம் நகரல மாமா," என்றான்.

அவன் சொன்னது என் மரமண்டையில் உடனே ஏறவில்லை. அச்சு தப்பு என்று கத்தினேன். அச்சு எடுத்தவன் நான்தான் என்பது பாதிக் கத்தலில் ஞாபகம் வந்தது.

"திரும்பி நில்லு," என்று அவளிடம் சொல்லிவிட்டு ஈயப்பட்டையை எடுத்தேன். வலது தோளிலிருந்து இடுப்பு வரை அழுத்தி எடுத்து, அலுங்காமல் அச்சின் மேல் வைத்தேன். இடுப்பில் சேர்ந்தது. மேலே போகப் போக விலகியது. மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறையும் எடுத்தேன். அதே விரல் அளவு.

அப்புறம்தான் பட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். வலது தோள் இறங்கி, முன்னால் போயிருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாற்காலியின் கால் ஒரு நூல் சாய்ந்தாலும் இங்கிருந்தே திட்டுகிறவன் நான். தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை நான் பார்க்கவே இல்லை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"சொன்னேனேங்க."

"எப்பச் சொன்ன? எங்கிட்டச் சொன்னியா?"

மச்சினன் அச்சைத் திருப்பினான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நாற்காலி கேட்டு வருகிறவர் சொல்வதை, அவர் வாயிலிருந்து வந்தபடியே, தேதி போட்டு அச்சின் பின்னால் பென்சிலால் எழுதிவிடுவேன். நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று யாரும் மல்லுக்கு நிற்கக்கூடாது. வீட்டுக்காரி என்று அவளுக்கு மட்டும் விதிவிலக்கு தரவில்லை. என் கையெழுத்துதான், கோழி கிளறிய மாதிரி.

'முதுகு சாயுது. ஒரு நாற்காலி வேணும்.'

எட்டு மாதமாக அது என் காதில் 'முதுகு சாய்க்கணும்' என்றுதான் விழுந்திருக்கிறது. நாற்காலிக்காரனுக்குச் சாய்வது என்றால் சாய்மானம்தானே. அவள் தன் முதுகு சாய்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு நான், என்ன மரம் வேண்டும் என்று கேட்டேன்.

"மறுபடி சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்கதான் செஞ்சிட்டே இருந்தீங்களே. நாற்காலி வந்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

"வலிக்குதா?"

"வலி பழகிருச்சு. இப்ப கைதான் மரத்துப் போகுது. நேத்து டம்ளர் அதனாலதான் நழுவுச்சு."

அந்த டம்ளருக்கும் நேற்று நான் கத்தியிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் என் கை அதுபாட்டுக்கு அரத்தை எடுத்தது. குச்சியை அவள் தோளுக்கு ஏற்றபடி ராவிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

மச்சினன் என் மணிக்கட்டைப் பிடித்தான். "அதக் கீழ வைங்க மாமா."

வைத்தேன். அவனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தான். ஒரு பெண் எடுத்தாள்.

"பேஷன்ட்டுக்கு என்ன பண்ணுது?"

"என் மனைவிக்கு முதுகு சாயுதுங்க." இந்த முறை சரியாகச் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

பென்சில் தேதியைப் பார்த்தேன். "எட்டு மாசமா."

"எட்டு மாசமாவா? வீட்ல யாருக்குமே தெரியாதா சார்?"

அச்சு இன்னும் என் இடது கையில்தான் இருந்தது.

"எழுதி வச்சிருக்கேங்க," என்றேன்.