நாலாம் நம்பர் பட்டன்

காரின் நான்கு கதவுகளையும் பிரித்து மேய்ந்தாயிற்று. தகரம் அதிராமலிருக்க உள்ளே ஒட்டும் கறுப்புத் தாளை ஒன்றுக்கு இரண்டாக ஒட்டியாயிற்று. ஆம்ப்ளிஃபயரை மாற்றி, அதற்குப் போகும் ஒயரைச் சுண்டுவிரல் தடிமனுக்கு இழுத்து, டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டியும் வைத்தாயிற்று. இனி அந்தக் காரில் ஊருக்குப் போவதென்றால் பையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் பிறகு, சனிக்கிழமை காலை, காதுக்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“போர்வைக்குள்ள உக்காந்து பாடுற மாதிரியே இருக்கு மச்சான்.”

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கார்களுக்குப் பாட்டு செட் மாட்டித் தருவது அவன் தொழில். தகரக் கூரை போட்ட ஷெட், ஒரே ஒரு கார் நிற்க இடம், சுவரெல்லாம் ஒயர் சுருள், மூலையில் பிளைவுட் தூள். அவன் உதட்டில் கவ்வியிருந்த ஸ்க்ரூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

“எது குறையுது அத்தான்?”

“மேல் சத்தம்தான். நடுவுல அந்த மணி வரும் பாரு, அது வரவே இல்ல. போன மாசம் போட்ட ட்வீட்டரும் தண்டம், இன்னிக்குப் போட்டதும் தண்டம்.”

ட்வீட்டர் என்பது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர். கூரான சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். இந்தக் காரில் இது மூன்றாவது ஜோடி.

“இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?”

“ஏத்து. நாளைக்குப் போட்டிய வச்சுக்கிட்டு என்ன கஞ்சத்தனம்?”

மச்சான் லேப்டாப்பைத் திறந்து ஏற்றினான். ஏற்ற ஏற்ற அவன் கண்கள் தாமாகச் சுருங்கின. பக்கத்து டயர் கடைக்காரர் தலையை நீட்டி, யாருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். காதுக்காரருக்கோ முகமெல்லாம் பல்.

“இப்பதான்யா உசுரு வருது! இத ஒண்ணாம் நம்பர்ல போட்டுடு.”

செட்டில் நான்கு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒருவிதமாகச் சத்தத்தை அமைத்துப் பதிந்து வைக்கலாம். காதுக்காரர் ஒன்றாம் நம்பரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. மற்ற மூன்றும் காலி என்று மச்சான் சொல்லியிருந்தான். சொன்னால் நம்ப வேண்டியதுதானே, சொந்த மச்சான்.

காதுக்காரர் என்ற பேர் பாட்டு கேட்டு வந்ததில்லை. டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் அவர் ஃபோர்மேன். பன்னிரண்டு பிரஸ் மெஷின்கள் ஒரே நேரத்தில் இடிக்கும் ஷெட்டின் வாசலில் நின்றே, “ஏழுல அச்சு தேயுது, நிறுத்து” என்பார். நிறுத்திப் பார்த்தால் தேய்ந்திருக்கும். கம்பெனி கொடுத்த காதடைப்பு இருபத்திரண்டு வருஷமாக அவர் மேஜை டிராயரில் பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது. காதை அடைத்துக்கொண்டால் மெஷின் பேசுவது எப்படிக் கேட்கும் என்பது அவர் கேள்வி. கேள்வி என்னவோ நியாயமானதுதான். அந்த இடி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காதை என்ன செய்யும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை, யோசித்துச் சொல்லும் தைரியமும் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஐந்தாம் மெஷினில் அச்சு வெடித்தது. மெஷினின் கழுத்தே பிளந்துவிட்டது. அதை ஓட்டியவன் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: “கீச்சுனு ஒரு சத்தம் வருது சார். கொஞ்சம் வந்து கேளுங்க.” காதுக்காரர் வந்தார், தலையைச் சாய்த்துக் கேட்டார், “ஒண்ணுமில்ல, ஓட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். வெடித்த பிறகு விசாரணை. அச்சைச் சரியாக மாட்டவில்லை என்று மெஷின்காரன் மேல் பழி. அவன் கீச்சு சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது காதுக்காரர் எழுந்து நின்றார்.

“எனக்குக் கேக்காத சத்தம் அந்த ஷெட்ல கிடையாது.”

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? மெஷின்காரனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவன் மேல்முறையீடு எழுதிக் கொடுத்திருந்தான். அது திங்கட்கிழமைக்கு வருவதாக இருந்தது. காதுக்காரர் அதை மறந்தேபோனார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய விஷயம்.

ஞாயிறு காலை, ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில், எந்தக் காரில் பாட்டு நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கும் போட்டி. முப்பது கார்கள் கதவைத் திறந்து போட்டு நின்றன. நடுவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு காரிலும் ஏறி உட்கார்ந்து, ஒரே பாட்டைக் கேட்டு, அட்டையில் மார்க் எழுதினார். காதுக்காரரின் மகள், பத்து வயசு, வெயிலுக்குச் சோம்பிப் பின்சீட்டிலேயே படக்கதைப் புத்தகத்தோடு கிடந்தாள். காதுக்காரர் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மச்சான்.

நடுவர் ஏறினார். ஒன்றாம் நம்பர் ஓடியது. பத்து விநாடி ஆகியிருக்காது, அம்மாள் ஊசி குத்தினாற்போல் தோளைக் குறுக்கி, கை நீட்டி நிறுத்தினார்.

“சார், இது என்ன? காது கிழியுது.”

காதுக்காரர் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, மகள் சொன்னாள்:

“அது அப்பாவுக்கு, ஆன்ட்டி. நாலாம் நம்பர் போடுங்க. அம்மாவும் நானும் போனா அதுதான் போடுவோம்.”

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. நடுவர் நாலாம் பட்டனை அமுக்கினார். பாட்டை முழுசாகக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை முதலிலிருந்து வைத்துக் கேட்டார். இறங்கும்போது அந்த முகத்தில் சிரிப்பு போல ஏதோ ஒன்று இருந்தது.

“இதப் பண்ணினவருக்கு நல்ல காது.”

தெளிவான ஒலிக்கு முதல் பரிசு. வெள்ளி முலாம் பூசிய கப்பைக் கையில் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். காதுக்காரர் கப்போடு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாலாம் பட்டனை அமுக்கினார்.

பாடுகிறவர் குரல் இருந்தது. அடியில் இடிக்கிற சத்தமும் இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் நமுத்துப்போன அட்டை போல இருந்தது பாட்டு.

“இதுல மணிச் சத்தம் வருதாம்மா?”

“வருதேப்பா. இதோ... இதோ... இப்ப நெறய.”

மகள் ஒவ்வொரு தடவைக்கும் பக்கத்துச் சீட்டின் முதுகில் விரலால் தட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியில் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தட்டிய இடத்திலெல்லாம் அவருக்கு ஒன்றுமில்லை. அவர் ஒன்றாம் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனார். கை அதைத் தொடும் முன்னமே மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். எத்தனை நாள் பழக்கமோ அது.

இறங்கினார். மச்சான் காருக்குப் பின்னால் நின்றிருந்தான்.

“எப்பலேருந்து தெரியும்?”

“மூணு வருஷம் இருக்கும் அத்தான். டெஸ்ட் சத்தம் ஒண்ணு ஓட விட்டேன். நான் தாங்க முடியாம காதப் பொத்துறேன், நீங்க ‘எப்ப ஆரம்பிக்கப் போற’ன்னு கேக்குறீங்க.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா! கெட்டுப்போகாத சாமானையெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டுனியே. உள்ளுக்குள்ள எவ்வளவு சிரிச்சிருப்ப?”

“சிரிக்கல அத்தான். ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னுதான் கதவத் திறப்பேன். நீங்க உள்ள ஏறி உக்காந்து கண்ண மூடுவீங்க பாருங்க, அப்ப வாய் வராது. அக்காவும் வேணாம்னா.”

அவன் சொன்னது உண்மைதான். பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நாலாம் பட்டனை இன்னும் கொஞ்சம் ஒளித்து வைத்திருப்பான். ஆனால் உண்மை என்பதற்காக அது வலிக்காமல் போய்விடுமா? காதுக்காரர் மகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் பாட்டு இல்லை. மகள் தானாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், அதையும் அவர் கண்ணாடியில் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எல்லாம் புரிந்துவிட்டது.

“டாக்டர்கிட்ட போலாம்னு ரெண்டு தடவ சொன்னேன். ‘என் காதையா?’ன்னு சிரிச்சீங்க.”

“மூணாவது தடவ சொல்றதுக்கென்ன?”

“சொன்னா சோறு இறங்குமா இந்த வீட்டுல? டிவி சத்தத்தக் குறைங்கன்னதுக்கே நாலு நாள் பேசாம இருந்தவரு நீங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கப்பு இன்னும் மடியிலேயே இருந்தது. அவளிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், “கீச்சுனு வருதுன்னான்” என்றார்.

யார் என்று அவள் கேட்கவில்லை.

“விசாரணை முடிஞ்சு வந்து நீங்க பெருமையாச் சொன்னீங்களே, அன்னிக்கே எனக்குத் தோணிச்சு” என்றாள். “அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. அப்புறம் இவ ஸ்கூலு, வீட்டு வாடகைன்னு நினைச்சேன். மறுநாள் தூங்கிட்டேன்.” தேய்த்த சட்டையை மடித்து மேலே வைத்தாள். “இப்ப உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே அது உங்க பாடு.”

மறுநாளைக்கு அவர் போட்டுக்கொண்டு போன சட்டை அதுதான்.

திங்கட்கிழமை அவர் ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டிருந்தது. வாசல் காவலாளி சல்யூட் அடித்தார். மானேஜர் அறைக்குள் கூப்பிட்டு, எழுந்து வந்து கை கொடுத்தார்.

“காதுக்கே கப்பு குடுத்துட்டாங்களே! உக்காருங்க, உக்காருங்க. ஒரு சின்ன வேலை. அந்த அஞ்சாம் மெஷின்காரனோட மனு. நீங்க ஒரு கையெழுத்து போட்டா இன்னியோட ஃபைல மூடிடலாம்.”

காகிதத்தை நகர்த்தினார். ஒரே ஒரு பத்தி. ‘சம்பவத்திற்கு முந்தைய இரு தினங்களில் இயந்திரத்தில் வழக்கத்திற்கு மாறான ஒலி எதுவும் எழவில்லை என்பதை நேரில் கேட்டறிந்து உறுதி கூறுகிறேன்.’

காதுக்காரர் இரண்டு தடவை படித்தார். சொல்லிவிடலாம். ஒரு வரிதான். சொன்னால் அந்த ஆள் நாளைக்கே மெஷினுக்கு வந்துவிடுவான். இவரைக் காது டாக்டரிடம் அனுப்புவார்கள், அங்கிருந்து நேராக குடோனுக்கு, மூடிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கும் வேலைக்கு. எதிரில் வருகிறவன் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவான்? முன்பு கூப்பிட்ட அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி நின்று சிரிப்பான். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேருக்குள்தான் அவர் குடியிருந்தார். வேறு வீடு அவருக்குத் தெரியாது.

“என்ன யோசனை? எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?” என்றார் மானேஜர்.

“இல்ல சார்.”

கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தன்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும் என்று அவருக்கே தோன்றியது. அன்று முழுக்க அவர் மெஷின்களின் பக்கம் போகவில்லை, மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாம் மெஷின்காரன் நின்றிருந்தான். தேய்த்த சட்டை, கையில் பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள். முடிவு அவனுக்கு இன்னும் சொல்லப்படவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இவர் காரைக் கண்டதும், முடிவு தெரிந்தவர் வந்துவிட்டார் என்பதுபோல் முகம் தெளிந்து, கை காட்டிக்கொண்டே ஓடி வந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதுக்காரர், அந்தப் பக்கம் அவன். குனிந்து ஏதோ சொன்னான். ‘சார்’ என்பது உதட்டில் தெரிந்தது. கவரைத் தூக்கிக் காட்டினான். மறுபடி ‘சார்’.

உள்ளே ஒன்றாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆளுக்குக் கட்டைக்குரல். மணியும் கீச்சும் போனாலும் அந்தக் குரல் காதுக்காரருக்கு நன்றாகவே கேட்கும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கினால் போதும்.

அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.