கணக்கில் வராத செவ்வாய்க்கிழமை

1

மனு எழுதத்தான் உட்கார்ந்தேன்; கதையாகிவிட்டது. (பிள்ளையார் பிடிக்கப் போனவன் பாடு உங்களுக்குத் தெரிந்ததுதானே.)

"நீதான் எழுதுறவனாச்சே, பத்து வரி எழுதிக் குடு" என்றாள் அக்கா. எதற்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். திருப்பம் வைத்து உங்களைப் பதறவைக்கும் தெம்பு எனக்கு இல்லை. மாமா, அதாவது அக்காவின் கணவர், லாரியிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்தால் நடக்கலாம் என்கிறார் டாக்டர். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் மனு.

2

முதல் தொடக்கம்: "தேசம் அழைத்தபோது அந்த மாவீரர்..."

அடித்துவிட்டேன். மாமா லிஃப்ட் மெக்கானிக். ரிசர்வ் படையில் பெயர் கொடுத்திருந்தார். கூப்பிட்டால் சீருடை, திருப்பி அனுப்பினால் மறுபடி ஸ்பானர்.

இரண்டாம் தொடக்கம்: "படை கூப்பிட்ட அன்றே லிஃப்ட் கம்பெனி சம்பளத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்தியது."

இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வரியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். முழுதாக ஒரு மாதம் பணியில் இருந்தால் படை காப்பீடு தர வேண்டும். அதனால் பணி ஆணை எப்போதும் ஒரு நாள் குறைவாகவே வரும். அது முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி. பிறகு புது ஆணை. அந்த ஒரு நாள் மாமா வீரரும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. வெறும் மாமா.

(எந்த மகராசனுக்கு உதித்த யோசனையோ, நன்றாக இருக்கட்டும்.)

3

இடைவெளி நாளில் சும்மா இருந்திருக்கலாமே? நானும் அதைத்தான் கேட்டேன்.

"அன்னிக்கும் கேம்ப்லதானேடா கிடக்கறோம்" என்றார் மாமா, மருத்துவமனைக் கூரையைப் பார்த்தபடி. "பசங்க லோடு ஏத்திட்டு இருந்தாங்க. நான் படுத்துக்கிட்டு வேடிக்கை பாக்கறதா?"

இடைவெளி நாளான அந்தச் செவ்வாய்க்கிழமை தார்ப்பாய் கட்ட லாரி மேல் ஏறியிருக்கிறார். லிஃப்ட் குழிகளில் தொங்கியே காலம் தள்ளிய மனிதர் லாரி உயரத்திலிருந்து விழுந்தார். என் கற்பனையாக இருந்திருந்தால் இதை வெட்டியிருப்பேன்.

படை அலுவலகத்து அதிகாரி கெட்டவர் இல்லை. (வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.) அக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"டியூட்டில அடிபட்டிருந்தா, காப்பீடு இல்லாட்டியும் செலவு எங்களுது. அன்னிக்கு அவர் டியூட்டிலயே இல்லம்மா. யாரு வேலை செய்யச் சொன்னது?"

"யாரும் வேண்டாம்னு சொல்லலையே சார்" என்றாள் அக்கா.

4

ரிசர்வ் வீரர்களின் சம்பளத்தை உயர்த்தும் சட்டம் போன வாரம் நிறைவேறியது. இனி முதல் நாளிலிருந்தே காப்பீடாம். மாமாவின் கூட்டாளிகள் போன் போட்டு வாழ்த்தினார்கள். நல்ல சட்டம்தான், வயிறெரிந்துகொண்டே சொல்கிறேன். "பணியில் இருக்கும்போது" என்று ஆரம்பிக்கிறது அது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்குக் கைக்கே எட்டவில்லை.

5

முடிவு ஒன்று: மருத்துவமனைக்கு அமைச்சர் வருகிறார். சீ.

முடிவு இரண்டு: மாமா மெல்ல எழுந்து நட

(முடியவில்லை.)

முடிவு மூன்று அக்காவுடையது. இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"கதைன்னா எதை வேணாலும் மாத்தலாம் இல்ல?"

"மாத்தலாம்க்கா."

"அப்போ அவரைப் புதன்கிழமை விழ வையேன்டா."

விழாமல் காப்பாற்று என்று அவள் கேட்கவில்லை. கதையில்கூட அவ்வளவு ஆசைப்பட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

எழுதினேன். புதன் காலை, புது ஆணை கையில் வந்த பிறகு, மாமா ஏறுகிறார், விழுகிறார். ஒரு குறையும் வைக்காமல் விழவைத்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம், இது நல்லா இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் செவ்வாய் என்றுதான் இருக்கிறது. புதன் செல்லாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். செவ்வாய் என்று எழுதினால் மனு கொடுத்தே பயனில்லை. மனுவில் கிழமைக்கு இடம் விட்டிருக்கிறேன்; எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள்.