கத்த வைக்கும் வேலை

போலீஸ் இலாகாவில் அவருக்கு 'வாய்' என்று பெயர். மாடி விளிம்பில் நிற்பவனோ, பூட்டிய அறையில் கத்தியோடு இருப்பவனோ, யாராக இருந்தாலும் பேசிப் பேசியே மீட்டுக் கொண்டுவந்துவிடுவார். பக்கத்திலிருந்து எதிராளியின் குரலை மட்டும் கவனிக்கும் அக்காவுக்கு 'காது' என்று பெயர். மூளை என்று யாருக்கும் பெயர் வைக்கவில்லை. அது மேலதிகாரியிடம் இருப்பதாக எல்லோரும் மரியாதைக்கு நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மூன்றாவது மாடியில், சாத்திய கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதவிடுக்கில் பெட்ரோல் வாடை. உள்ளே ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து ஆள் சரியில்லை. ஹால் முழுக்கப் பெட்ரோலை ஊற்றிவிட்டு, சின்ன மகளை மடியில் போட்டுக்கொண்டு, லைட்டரும் கையுமாகக் கதவில் சாய்ந்திருந்தான்.

'நீயா திறக்கிற வரைக்கும் யாரும் உள்ள வரமாட்டாங்க' என்று வாய் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மேலதிகாரி அவரைக் கேட்காமலே, பின்பக்கச் சமையலறை ஜன்னல் வழியாகத் தீயணைப்பு வீரர் ஒருவரை ஏற்றிவிட்டார். அந்த வீரரும் சமையலறையைத் தாண்ட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் விரல் லைட்டரில் இருக்கிறதே.

காலையெல்லாம் மனைவியை, மச்சானை, வாயை, வாயின் பரம்பரையை என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தவன், திடீரென்று அடங்கினான்.

"சாப்டீங்களா சார்?"

"இன்னும் இல்லப்பா. நீ?"

"எனக்கு எதுக்கு சார். பாப்பா தூங்கிட்டா. என் டூல்ஸ் பை கீழ வண்டியில இருக்கு, மச்சான்கிட்ட குடுத்துடுங்க. பாவம், நல்ல மனுஷன்."

வயர்லெஸ்ஸில் மேலதிகாரியின் குரல் குதித்தது. "பிரமாதம்யா! ஆள் வழிக்கு வந்துட்டான். நான் பத்திரிகைக்காரங்ககிட்ட பேசறேன்."

வாய் காதைப் பார்த்தார். காதின் முகம் வெளுத்திருந்தது.

"என்னடா தம்பி, முடிவு பண்ணிட்டான்போல இருக்கே" என்று கிசுகிசுத்தாள். "திட்டுறவன் நாளைக்கும் இருப்பான். இவன் எல்லாத்தையும் பிரிச்சுக் குடுக்கறான்."

"இப்ப என்னக்கா செய்யறது?"

"அவனைத் திரும்பக் கத்த வை."

பதினைந்து வருஷமாக ஊரை அமைதிப்படுத்தியே பதக்கம் வாங்கியவர் வாய். பயிற்சி வகுப்பில், சொல்லவே கூடாத வாக்கியங்கள் என்று அவரே கரும்பலகையில் எழுதிப் போடுவார். அதில் முதலாவதை இப்போது எடுத்தார்.

"நீயெல்லாம் ஒரு அப்பனாடா?"

வாய் குரலை இன்னும் உயர்த்தினார்.

"உன் பொண்டாட்டி போனது சரிதான். பெத்த பிள்ளைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற பயல்கூட எவ இருப்பா? உன் மச்சான் கால் தூசிக்கு ஆவியாடா நீ?"

"டேய்!"

கதவு அதிர்ந்தது. அவன் எழுந்துவிட்டான். இரண்டு கையாலும் கதவைக் குத்தினான். வாயின் தாய் தகப்பனில் தொடங்கி இன்னும் பிறக்காத பேரன்வரை போனான். வாய்க்கு அதைவிட இனிமையான வசவு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. இரண்டு கையாலும் குத்துகிறான் என்றால் மடியில் பிள்ளை இல்லை, கையில் லைட்டரும் இல்லை. சமையலறையில் நின்ற வீரருக்குக் காது வயர்லெஸ்ஸில் ஒரே வார்த்தை சொன்னாள்: "போ."

குழந்தை வீறிட்டது. அழுகை சமையலறைப் பக்கம் ஓடி, ஜன்னலுக்கு வெளியே இறங்கியது.

குத்து நின்றது. தரையில் எதையோ தடவித் தேடும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"ஏணி, குழந்தை, எல்லாம் பத்திரம்" என்றது வயர்லெஸ். "ரெண்டு பேரும் இறங்குங்க. வேலை முடிஞ்சுது."

உள்ளேயிருந்து மெதுவாகக் கேட்டான். "யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னீங்களே சார்?"

 காது அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிடா. இனிமே நீ என்ன சொன்னாலும் அவன் நம்பமாட்டான்."

"தெரியும்க்கா. நீங்க போங்க."

காது நான்கு படி இறங்கினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதவில் அவன் மறுபடி சாய்ந்தது பலகையில் தெரிந்தது. வாயும் இந்தப் பக்கம் முதுகைச் சாய்த்தார்.

"தம்பி, நான் சொன்னது பொய்தான். திட்டு" என்றார். "கேட்டுக்கிட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து சத்தமே இல்லை.