லண்டன் முகப்பு

கடலூரில் எங்கள் வீட்டைப் பார்க்கிறவர்கள் முதலில் வாயைப் பிளப்பார்கள். நான்கு வீடுகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, ஒரே உயரம், ஒரே செங்கல் முகம், ஒரே கறுப்புக் கதவு. இரண்டாவது எங்களுடையது. என் கணவர் அருண்பாண்டியன் லண்டனில் இன்ஜினியராக இருந்தவர். அங்கே ஒரு பழைய தெருவில் மயங்கி, ஊருக்கு வந்து அதை அப்படியே கட்டிவிட்டார். ஜன்னல் வரிக்குப் பயந்து வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக்கூட விடவில்லை. கடலூர் வெயிலில் அடைத்த ஜன்னல்! தலையில் அடித்துக்கொண்டேன்.

முகப்புதான் லண்டன். செப்டிக் டேங்க் வாஸ்துப்படி பின்பக்கம், வாயு மூலையில். பக்கத்தில் சந்து கிடையாது, பின்னால் அடுத்தவர் மதில். டேங்க் நிரம்பினால், உறிஞ்ச வரும் லாரியின் ஓஸ் குழாய் என் ஹால் வழியாகத்தான் போகவேண்டும். லண்டனில் சாக்கடை தெருவுக்கடியில் ஓடுகிறதாம். இங்கே பூஜையறை வாசலில் ஓடுகிறது. போன மாதம் ஓஸின் மூட்டு ஹாலிலேயே கழன்றுகொண்டது. கொட்டியதையெல்லாம் நான்தான் வாரிக் கழுவினேன்.

"இத வித்துட்டா சிதம்பரத்துக்கே போயிடலாம்" என்று இவர் சொல்லியிருந்தார். என் பிறந்த ஊர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பல்லைக் கடித்துக் கிடந்தேன்.

நேற்று லியாக்கத் அலியும் மனைவி ஜெய்னப்பும் வீடு பார்க்க வந்தார்கள். நாற்றம் தெரியாமலிருக்க இவர் வீடெல்லாம் சாம்பிராணி போட்டிருந்தார். லியாக்கத் அலி முகப்பிலேயே சொக்கிப்போய், முன்பணம் பேசத் தயாராகிவிட்டார். ஜெய்னப் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டேங்க் பின்னாடி இருக்கே. லாரி ஓஸ் எந்தப் பக்கமா போவும்?"

"அதெல்லாம் ரொம்ப வருஷத்துக்குத் தேவப்படாதும்மா" என்றார் இவர், கூசாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சிதம்பரம். அவள் நின்றிருந்தது, ஓஸ் கழன்ற அதே இடம்.

"நீ நிக்கிற எடத்து வழியாத்தான்" என்றேன். "போன மாசம் இங்கதான் கொட்டுச்சு."

அவள் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய கார் போய்விட்டது.

"ஒனக்கு சிதம்பரம் போவ வேணாமா?" என்று இவர் கத்தினார்.

"வேணும். அதுக்காக அந்தப் பொண்ண இந்தப் பீக்குழியில தள்ளிட்டுப் போவச் சொல்றீங்களா?"

இவர் மறுபடி சாம்பிராணியை எடுத்தார். தூபக்காலைப் பிடுங்கி, தண்ணீரில் அமுக்கினேன்.

"நாறட்டும். வர்றவங்களுக்குத் தெரியட்டும்."