எழுத மட்டும்

அலுவலகத்தில் ஸ்ரீலட்சுமி எழுதி அனுப்பியிருந்த கணினி நிரலைத் திறந்தபோது, யாரோ விளையாட்டுக்கு எழுத்துருவை மாற்றிவிட்டார்கள் என்றுதான் தாணுமாலயன் நினைத்தார். திரை முழுக்கக் கோடுகளும் வளைவுகளும் இருந்தன. எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கைபேசியில் மனைவி பத்மஜா அனுப்பியிருந்த தமிழ்ச் செய்தியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டரைப் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரியாத ஏதோ ஒரே மொழியில் இருந்தன. தலை வலிக்கவில்லை, கைகால் இழுக்கவில்லை. "மோளே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்து மேஜையில் இருந்த ஸ்ரீலட்சுமியிடம் கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

மூளையின் பின்பக்கம் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். ஒரு தாளைக் கொடுத்து, பெயரையும் ஊரையும் எழுதச் சொன்னார். தாணுமாலயன் சரசரவென்று எழுதிக் கொடுத்தார். மருத்துவர் சற்று நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு அதே தாளை நீட்டி, "இது என்ன?" என்றார். தெரியவில்லை. பத்மஜா எட்டிப் பார்த்து, "உங்க பேருதான். ஊரு கரமனைன்னும் போட்டிருக்கு" என்றாள். எழுதும் இடம் பழுதில்லாமல் இருக்கிறது, கண் பார்ப்பதை எழுத்தாக அறியும் வழிதான் அறுந்துபோயிற்று என்று மருத்துவர் விளக்கினார். சிலருக்குக் கொஞ்சம் திரும்பி வரும் என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அந்த அலுவலகத்தில் எழுதுவதற்கு எத்தனையோ பேர் உண்டு. வாசிப்பதற்கு அவர்தான். குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்த மருந்தளவைக் கணக்கிட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் மென்பொருள். அவர் வாசிக்காத ஒரு வரியும் வெளியே போனதில்லை. கணினி மொழிகளில் சி-யில் தொடங்கி, ஜாவாவுக்குப் போய், இப்போது பைத்தானில் வந்து நின்றிருந்தார். எந்த மொழி உசத்தி என்று இளையவர்கள் அடித்துக்கொள்ளும்போது அவர் வாய் திறக்கமாட்டார். மொழி எதுவானாலும் எழுதியவரின் மனம் அதில் எங்கே தடுக்கியது என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியும். அந்த இளையவர்களில் அனீஷுக்குப் பயம் வந்தால் எல்லாவற்றையும் ஒரே நீளவரியில் அடைத்துவிடுவான். ஸ்ரீலட்சுமிக்குச் சந்தேகம் வந்தால் துண்டு துண்டாக உடைப்பாள். நாவல் வாசிக்கிற அதே ஆசையோடுதான் அவர் இவர்களையும் வாசித்தார்.

வீட்டில், பாதியில் நின்றுபோன நாவலைப் பத்மஜா வாசித்துக் காட்டினாள். வங்கியிலிருந்து வந்த களைப்போடு, ஒரே சீராக வாசித்தாள்.

"கொஞ்சம் பைய வாசியேன். ஒரு வரியில நிக்கணும்னா நான் எப்படி நிக்க?"

"நிக்கச் சொன்னா நிக்கப்போறேன். சொன்னாத்தானே தெரியும்?"

நின்ற பிறகுதான் நிற்க வேண்டிய இடம் அதுவென்று அவருக்கே தெரியும். அவள் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

விடுப்பு முடிந்து திரும்பியபோது மேலாளர் கௌசிக் தோளில் கைபோட்டு அழைத்துப்போனான். "சாரே, எழுதான் பற்றுமல்லோ? அது மதி. வாயிக்கான் இவிடெ ஞங்ஙளுண்டு." எழுத முடிகிறதே, அது போதும், வாசிக்க நாங்கள் இருக்கிறோம் என்றான்.

எழுத முடிந்தது. விரல்கள் எதையும் மறக்கவில்லை. ஆனால் எழுதுவது என்று இத்தனை காலம் நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் வாசிப்புதான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு வரி அடித்ததும் கண் முந்தைய வரிக்குப் போகும், அங்கே ஒன்றுமில்லை. அடியெடுத்து வைக்க வைக்கப் பின்னால் பாலம் உடைந்து விழுவதுபோல் முன்னே மட்டுமே போக வேண்டியிருந்தது. முதல் நிரல் ஓடிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே அனுப்பும் முன் யாராவது அதை வாசிக்க வேண்டும் என்றார் அவர்.

அதன் பிறகு அவர் எழுதியதை ஸ்ரீலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. நோய்க்குப் பிறகு அவர் பார்வையில் வலப்பக்கம் இருட்டு. அங்கே இருந்த அவள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அடைப்புக்குறி, முக்காற்புள்ளி எதையும் விடாமல் வாசித்துவந்தவள், எடை பத்து கிலோவுக்குக் கீழே இருந்தால் என்ற இடத்தில் நின்றாள்.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஒரே விசையை நெடுநேரம் அழுத்திப் பிடிக்கும் சத்தம். பிறகு மளமளவென்று தட்டும் சத்தம்.

"என்ன மோளே?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு ஸ்பேஸ் கூடுதலா கிடந்து. எடுத்தேன்."

"ஸ்பேஸ் மட்டுமா?"

"அதே சார்." குரல் தாழ்ந்திருந்தது.

ஒரு ஸ்பேஸை அழிக்க ஒரு தட்டு போதும். போனது ஒரு முழு வரி. அந்த வரியில் எந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்தைத் தப்பாக எழுதிவைத்தோம் என்று நினைவில் தேடிப் பார்த்தார். இன்னொருமுறை கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். அவர் கேட்கவில்லை.

அந்தப் பக்கமாக வந்த கௌசிக், "எல்லாம் ஓகே அல்லே?" என்றான்.

"ஓகே சார்" என்று அவரை முந்திக்கொண்டு அவள் சொன்னாள். விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள். "அடுத்தது எழுதலாமா சார்?"

விரல்கள் தங்கள் இடங்களைத் தாங்களே கண்டுகொண்டன. கறுத்த திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வந்து நின்றதுமே அவரைத் தெரியாதவைபோல் ஆகிவிட்டன. வலப்பக்க இருட்டில் ஸ்ரீலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.