கண்ணாடியம்மாவுக்கு ஒரு தாழ்ப்பாள்

நல்லது செய்யப் புறப்படுகிறவன் முதலில் தன் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று சமூகப்பணி மாலை வகுப்பில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் ரூல்தடி இந்த வம்பில் மாட்டியிருக்க மாட்டான். அங்கே சொல்லிக்கொடுத்ததெல்லாம் வேறு. தெருவில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்றுகொண்டு பேசாதே, தரையில் உட்கார். உன் கண் அவர் கண்ணுக்குக் கீழே இருக்கட்டும். 'யார் அடித்தது' என்று நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லும்வரை பொறு. தினமும் ஒரே நேரத்துக்குப் போ, நம்பிக்கை அப்படித்தான் முளைக்கும். இத்தனையையும் அவன் அடிக்கோடு போட்டுப் படித்தான். கோடு கோணிவிடக் கூடாதென்று ரூல்தடி வைத்துப் போட்டான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான். சொந்தப் பெயர் இப்போது அவன் அம்மாவுக்கும் வங்கிக்கும் மட்டும்தான் தேவைப்படுகிறது.

அவன் வேலை பார்க்கும் உதவி மையம், வீடில்லாமல் தெருவில் வசிப்பவர்கள் அடிதடிக்கோ திருட்டுக்கோ மிரட்டலுக்கோ ஆளானால் அவர்களைத் தேடிப்போய்க் கைகொடுக்கும் இடம். இதை வீட்டில் விளக்கிய அன்று அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப நீ தெருவுல போய் உக்காந்து பேசிட்டு வர்றே."

"ஆமாம்மா."

"இதத்தானே உங்கப்பாவும் வாழ்நாள் பூரா செஞ்சாரு? அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கலையே."

அக்கா அன்று முழுக்கச் சிரித்தாள். ரூல்தடிக்கு ரோஷம் வந்தது. கண்ணாடியம்மாவின் விஷயத்தில் தன்னை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம்கூடப் போட்டான். சபதம் போடுகிறவர்களைத்தான் சனியன் முதலில் விசாரிக்கும்.

கண்ணாடியம்மா, மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் படிக்கட்டில் அட்டை விரித்துப் படுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். யாரோ அவரை அடித்துத் தள்ளிவிட்டு, மாற்றுத்துணி இருந்த பையைப் பறித்துப் போயிருந்தான். கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையில் விரிசல் அப்படியே இருந்தது, காதுப் பக்கத்துக் கம்பியில் மருந்துக்கடைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ரூல்தடி மையத்தின் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் மாலை ஐந்து மணிக்கு வந்து, கீழ்ப்படியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துப் பேசினான். கழுத்து வலித்தது. நம்பிக்கை முளைக்கும்போது வலிக்கத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டான்.

ஒருநாள் அவராகவே வாய் திறந்தார்.

"தம்பி, ஏதாவது செய்யணும்னா எனக்கு ஒரு கதவு பாரு. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். வெளிப்பக்கம் பூட்டு இருக்கிற இடமெல்லாம் பாத்தாச்சு. அதோட சாவி எப்பவும் இன்னொருத்தன் கையிலதான் இருக்கும். நான் போட்டா நான்தான் எடுக்கணும். அப்படி ஒண்ணு."

அடித்தவன் யாரென்று சொல்லவில்லை. விதிப்படி இவனும் கேட்கவில்லை.

மையத்தை நடத்தும் பெரியக்கா நாலு பேரிடம் பேசி, பெண்கள் விடுதியில் ஒரு தனி அறையைப் பிடித்துவிட்டார். உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. "வெள்ளிக்கிழமை ஆறு மணிவரைதான் நிறுத்தி வைப்பாங்க. அதுக்குள்ள அவங்க வரலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும். கையோட கூட்டிட்டு வா" என்றார்.

இது புதன்கிழமை, அன்றையப் பேச்சு முடிந்த பிறகு போனில் வந்த சேதி; ஒரே நேரம் என்ற விதிப்படி மறுநாள் ஐந்து மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டான். ரூல்தடி தரையில் கால் பாவாமல் நடந்தான். மரச்சாமான் கடை வரிசையிலேயே, அரசு மருத்துவமனை வாசலுக்கு எதிரே ஒரு வண்டி நிறுத்துமிடம். அதன் காவலாள் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். தினமும் இவனுக்கு ஒரு வணக்கம் வைப்பான். மரியாதை தெரிந்த மனிதன் என்று இவனுக்கு அவன்மேல் நல்ல அபிப்பிராயம்.

"என்ன சார், தினமும் அந்தப் படிக்கட்டுக்கு வர்றீங்க? சொந்தமா?"

"இல்லண்ணே, எங்க மையத்துலேர்ந்து வர்றேன்" என்று ரூல்தடி பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை உருவி நீட்டினான். 'குற்றத்துக்கு ஆளானீர்களா? புகார் கொடுக்க நாங்கள் துணை நிற்கிறோம்' என்று தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "தெரிஞ்சவங்க யாராவது இருந்தாக் கொடுங்க."

காவலாள் அதை நிறுத்திப் படித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நல்ல வேலை சார்" என்றான். படிக்கும் பழக்கம் அடித்தட்டு மக்களிடமும் பரவுகிறது என்று ரூல்தடி அன்று பூரித்துப்போனான்.

மறுநாள் ஐந்து மணிக்குப் படிக்கட்டில் அட்டை மட்டும்தான் இருந்தது.

மையத்து வேனில் திரும்பும்போது அதை ஓட்டும் ஓட்டுநர் அண்ணன் கேட்டார், "நேத்து யார் யாருக்கு நோட்டீஸ் கொடுத்தே?"

"பேப்பர் கடைக்காரர், மருந்துக்கடைப் பொண்ணு, பார்க்கிங் காவலாள்..."

வேன் ஓரமாக நின்றது.

"பார்க்கிங்காரனுக்கா? அடேய், அந்தத் தெருவுல படுக்கிறவங்களை மிரட்டி விரட்டுறதே அவன்தானேடா! நீ தினம் அந்தம்மா பக்கத்துல விளக்கு வெச்ச மாதிரி ஆரஞ்சுச் சட்டையில உக்காருவே. அப்புறம் நேரா அவன்கிட்ட போய், இந்தம்மா புகார் கொடுக்கப் போறாங்கன்னு அச்சடிச்சே கொடுத்துட்டு வந்திருக்கே!"

"யாரும் என்கிட்ட சொல்லலையேண்ணே."

"நீ யாரைக் கேட்டே?"

விதிப்படி அவன் யாரையும் கேட்டிருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்கிறது. இவன் அடுத்தவர் இருக்குமிடத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டான். அன்றிரவு சோறு இறங்கவில்லை. "என்னடா, யாரும் பேச வரலையா?" என்று அம்மா கேட்டதற்கு, அக்காகூடச் சிரிக்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் சும்மா இருந்திருக்கலாம். பெரியக்கா சொன்னதும் அதுதான்: "அவங்க ஒளிஞ்சிருந்தா, ஒளிய விடு. நாம நெருங்கினா அவனும் நெருங்குவான். தெரிஞ்சவங்க மூலமா மெதுவா விசாரிக்கலாம்." ஆனால் ஆறு மணிக்கு அறை போய்விடும். ரூல்தடி வட்டாரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முதல் கட்டத்திலிருந்து தேட ஆரம்பித்தான். பழைய துணிக்கடை, பொதுக் கழிப்பறை, பேருந்து நிறுத்தம், நூலகம், எதையும் விடவில்லை. "கண்ணாடி விரிசல் விட்ட ஒரு அம்மா, இந்த உயரம், பிளாஸ்திரி சுத்தியிருக்கும், பாத்தீங்களா?" என்று கையால் உயரம் காட்டிக் காட்டிக் கேட்டான். அவன் கேட்ட அழகைப் பார்த்து நாலைந்து பேர் தாங்களும் தேட ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள், தண்டோரா போட்டாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது.

மூன்று மணி வாக்கில் மருத்துவமனையின் பக்கவாட்டுச் சந்தில் நின்று வியர்வையைத் துடைத்தபோது, பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளிருந்து ஒரு குரல்.

"திரும்பாதே. வாயையும் திறக்காதே."

இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏன்யா, உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா? ராத்திரி அவசரப் பிரிவு பெஞ்சு, பகல்ல கண் பிரிவு பெஞ்சுன்னு நான் பாட்டுக்கு இருக்கேன். உடைஞ்ச கண்ணாடியோட உக்காந்திருக்கிறவளை அங்க எவனும் ஏன்னு கேக்கல. ஜன்னல் வழியாப் பாத்தா, நீ ஆரஞ்சு கலர்ல ஒவ்வொரு கடையா ஏறி இறங்குறே! கண் பிரிவுல பெருக்குற பொண்ணு வந்து, 'உங்களைத்தான் ஒருத்தர் தேடுறாராம்'ங்குது. அவன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?"

"அம்மா, மன்னிச்சிடுங்க. அவன்னு எனக்குத் தெரியாது..."

"வாயைத் திறக்காதேன்னேன்."

மூடினான்.

"அறை கிடைச்சுதா?"

தலையை ஆட்டினான்.

"உள்பக்கம் தாழ்ப்பாள்?"

மறுபடியும் ஆட்டினான். அப்புறம் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எப்ப வரைக்கும்?"

"ஆறு மணி" என்றான் உதடு அசையாமல்.

"இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரே வாசல். அவன் முக்காலி அதுக்கு நேர் எதிர்ல. உங்க வேன் உள்ள வந்தா ஊருக்கே தெரியும். அதனால நான் சொல்றபடி செய். அஞ்சு மணிக்கு வழக்கம்போலப் படிக்கட்டுல போய் உக்காரு. நான் எங்கேன்னு கேக்க அவன் உன்கிட்ட வருவான். அவன் முதுகு இந்தப் பக்கம் இருக்கணும். நான் வாசலைத் தாண்டித் தெருமுனை போற வரைக்கும் அவன் திரும்பக் கூடாது. இந்தக் கண்ணாடியை வெச்சுக்கிட்டு என்னால ஓட முடியாது, மெதுவாத்தான் நடப்பேன். முடியுமா?"

"நான்... அவன்கிட்ட என்னம்மா பேசுறது?"

கண்ணாடியம்மா பெருமூச்சு விட்டார். "தம்பி, தப்பா எடுத்துக்காதே. உன் பேச்சை இத்தனை நாளாக் கேட்டவ சொல்றேன். நீ எப்பவும் பேசுறதையே பேசு. போதும்."

பெரியக்காவிடம் சொன்னான். திட்டுவார் என்று பார்த்தான். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நல்ல வெளிச்சத்துல, நாலு பேர் நடக்கிற தெருவுல. சரி. நான் மருந்துக்கடை வாசல்ல போனோட நிக்கிறேன். அவன் கை ஓங்கினா அடுத்த நொடி போலீஸ்" என்றார். ஓட்டுநர் அண்ணன் வேனை மையத்திலேயே விட்டுவிட்டு, மச்சானிடம் ஒரு பழைய காரை இரவல் வாங்கித் தெருமுனையில் நிறுத்தினார். போகிறபோது ரூல்தடியின் தோளைத் தட்டினார்: "உன் ரம்பத்துக்கு ஒரு நாள் வேலை வரும்னு எனக்குத் தெரியும்டா. நல்லா அறு."

ஐந்து மணிக்கு ரூல்தடி கீழ்ப்படியில் உட்கார்ந்தான். காவலாள் முக்காலியை விட்டு எழுந்து, தெருவோரமாகவே நடந்து வந்து, எதிரே நின்றான்.

"என்ன சார், அம்மாவைக் காணோம்?"

"அதைத்தாண்ணே சொல்லலாம்னு இருந்தேன்" என்று ரூல்தடி தொடங்கினான். தன் குரல் இப்படி ஆட்டுக்குட்டிபோலக் கேட்கும் என்று அவனுக்கே தெரியாது. "அன்னைக்குக் கொடுத்த நோட்டீஸை முழுசாப் படிச்சீங்களா? பின்பக்கம்?"

"பின்பக்கம் கிடக்கட்டும். அம்மா எங்க?"

"பின்பக்கத்துலதான் அது வருது. நாங்க செய்யுற உதவியை அஞ்சு பிரிவாப் பிரிச்சிருக்கோம். முதல் பிரிவு, நேர்ல போய்ப் பாக்கிறது. இதுல பாருங்க, நிறையப் பேர் நின்னுக்கிட்டே பேசுவாங்க. அது தப்பு. உக்காரணும். ஏன் உக்காரணும்?"

காவலாள் அவனைக் குனிந்து பார்த்தான். கண் மட்டம் கீழே இருந்தால் எதிராளி குனிந்துதான் ஆக வேண்டும், குனிந்தவனுக்கு முதுகுப் பக்கம் தெரியாது. மாலை வகுப்பில் கொடுத்த காசுக்கு வந்த முதல் பலன்.

"ஏய், நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்றே?"

"அதுக்குத்தாண்ணே வர்றேன். ரெண்டாவது பிரிவு மருத்துவம். இதுல மூணு உட்பிரிவு..."

ரூல்தடி அறுத்தான். வாழ்நாளில் அப்படி அறுத்ததில்லை. காவலாளின் தோளுக்கு மேலே, மருத்துவமனை வாசலில், கையால் சுவரைத் தடவியபடி ஓர் உருவம் வெளியே வந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கத் துடித்த கண்ணைக் காவலாளின் சட்டைப் பொத்தானில் நட்டுவைத்தான். பொத்தானைப் பார்த்தே மூன்றாவது பிரிவான உணவு, உடை எல்லாவற்றையும் ஒப்பித்தான். தெரிய வேண்டிய பதில் அடுத்த வாக்கியத்தில் வந்துவிடும் போலிருந்ததால் காவலாளுக்குப் போகவும் மனசில்லை, நிற்கவும் பொறுக்கவில்லை.

"நிறுத்துடா!" என்று அவன் ரூல்தடியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "கிண்டலா? எங்க வெச்சிருக்கீங்க அவளை?"

மருந்துக்கடை வாசலில் பெரியக்கா போனைக் காதுக்குக் கொண்டுபோனார். பேப்பர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரூல்தடிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை நாள் பேசக் கூடாத இடத்திலெல்லாம் புரண்ட நாக்கு, இப்போது பார்த்துச் சண்டித்தனம் செய்தது. வலுக்கட்டாயமாக அதைப் புரட்டினான்.

"நாலாவது பிரிவுண்ணே" என்றான். "தங்குமிடம். அதுல முதல் விதியே, எங்கேன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

காவலாள் அவனை உதறிவிட்டுச் சட்டென்று திரும்பினான். தெருவில் நடக்கிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். முனையில் ஒரு பழைய கார் புகையைக் கக்கிவிட்டு வளைந்து போனது. அதைப் பார்த்து ரூல்தடிக்கு வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். அதற்குள் பெரியக்கா தெருவைக் கடந்து வந்து, பேப்பர் கடைக்காரருக்கும் கேட்கும்படி, "இப்ப எங்க ஆளோட சட்டையைப் பிடிச்சீங்களே, அதுக்கு ஒரு புகார் கொடுக்கலாம்னு இருக்கேன். உங்க பேர் என்ன?" என்று கேட்டார். காவலாள் முக்காலியைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டான்.

விடுதிக்கு ரூல்தடி போய்ச் சேர்ந்தபோது ஆறு தாண்டிவிட்டது. "வந்துட்டாங்க, மாடியில கடைசி அறை" என்றார் விடுதி அம்மா. படியேறும்போதே இவன் சில வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டான். மன்னிப்பு முதலில், துணிச்சல் பற்றி லேசாக ஒரு குறிப்பு, பிறகு அவர் நன்றி சொல்லும்போது 'அதெல்லாம் எதுக்கும்மா' என்று மறுப்பது. கதவைத் தட்டினான்.

உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் ஒலி கேட்டது. திறக்கப் போகிறார் என்று முகத்தைச் சரிசெய்துகொண்டான். திறக்கவில்லை. இன்னும் நன்றாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

"யாரு?"

"நான்தாம்மா. படிக்கட்டுத் தம்பி."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"சரி. நாளைக்கு வா. அவனைப் பத்தி எழுதிக் கொடுக்கணும்னா கொடுக்கிறேன். இப்ப நான் படுக்கப் போறேன்."

"கதவைக் கொஞ்சம் திறந்தீங்கன்னா, ஒரு வார்த்தை..."

"மாட்டேன்" என்றார் கண்ணாடியம்மா. கோபமே இல்லாமல், ருசித்துச் சொன்னார்.

ரூல்தடி கீழே இறங்கி வந்தான். இரவல் காரில் ஓட்டுநர் அண்ணன் காத்திருந்தார். "என்னடா, பாராட்டு விழா முடிஞ்சுதா?"

"கதவையே திறக்கலண்ணே."

"அப்புறம் ஏன்டா பல்லைக் காட்டிட்டு வர்றே?"

"திறக்க மாட்டேன்னுட்டாங்கண்ணே" என்றான் அவன் மறுபடியும்.