ஃபிளெக்ஸில் கேப்டன்

செத்த பிறகு என் புருஷனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கொடுத்தது அரசாங்கம் இல்லை, திண்டிவனத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரன். எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து ஆனந்தராஜின் முகத்தை வெட்டி, யாரோ ஒரு ராணுவ அதிகாரியின் உடம்பில் ஒட்டிவிட்டான். தோளில் மும்மூன்று நட்சத்திரம். தொப்பியில் வேறு ஏதோ படைப்பிரிவின் சின்னம். மேலே 'வீரமரணம்' என்று கொட்டை எழுத்து. எங்கள் ஊர் அனந்தபுரத்துக்குப் போகிற ரோடு முழுக்கக் கட்டியிருந்தார்கள்.

அவர் எல்லையில் சாகவில்லை. முகாமில், தன் கையாலேயே தன்னை முடித்துக்கொண்டார். உடலோடு வந்த இருதய அருண் முகையூர்க்காரர், அவரோடு ஒரே யூனிட். வண்டியை விட்டு இறங்கியதும் என்னிடம் மட்டும் சொன்னார்.

"இந்த மாதிரி சாவுக்குக் குண்டு முழக்கம் கெடையாதுங்க அக்கா. அந்த பேனரை ஜல்தி எறக்கச் சொல்லுங்க. அது எங்க பேட்ஜே இல்ல."

இறக்குவார்களா? என் கொழுந்தன் சீனுவாசன் ஊர்ப் பையன்களோடு வண்டியை மறித்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"துப்பாக்கி வெடிக்காம பொணம் நவுராது! எங்க கேப்டனை அசிங்கப்படுத்திக்கினு இருக்கீங்களா?"

தாசில்தார் கெஞ்சியும் எழவில்லை. வெயில் ஏற ஏறச் சவப்பெட்டியிலிருந்து வாடை வந்தது, ஈ மொய்த்தது. அவரை மரியாதையாக மண்ணில் வைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. வந்த ஆத்திரத்தில் அழுகைகூட நின்றுவிட்டது.

அருண் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து அவர் சட்டையை எடுத்தேன். லீவில் வந்தால் அந்தச் சட்டையை அவரேதான் இஸ்திரி போடுவார், கையில் தைத்த பதவிப் பட்டை கசங்கிவிடும் என்று என்னைத் தொடவிட மாட்டார். அதை ரோட்டில் விரித்துக் காட்டினேன்.

"நல்லாப் பாருங்கடா. உங்க அண்ணன் கேப்டன் இல்ல, வெறும் நாயக்கு. கையில ரெண்டு பட்டை இருந்துச்சி. இப்ப எங்க?"

சட்டை வெளுத்திருந்தது. பட்டை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாக இருந்தது, சுற்றிலும் தையல் ஓட்டை.

"லீவு முடிஞ்சும் திரும்பிப் போவல. அதுக்குப் புடுங்கிட்டாங்க. வெறுங்கையோட யூனிட் பசங்க முன்னால நிக்க முடியலன்னு ஃபோன்ல அழுதாரு. குண்டடிபட்டுச் சாவல அவரு, மானம் தாங்காம செத்தாரு. இப்பவாவது வழி வுடுங்க."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சீனுவாசன் என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கினான்.

சவப்பெட்டியோரம் உட்கார்ந்திருந்த என் மாமியார் வெள்ளையம்மாள் தலையைத் தூக்கினார்.

"ஏன் திரும்பிப் போவல?"

நான் குனிந்து சட்டையை மடிக்கத் தொடங்கினேன். அருண்தான், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"அக்காவுக்கு டெங்கு வந்துச்சில்லீங்களா அம்மா, ஆஸ்பத்திரில கூடவே இருந்தாரு."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பொழச்சிக்கின," என்றார்.